இருவாச்சிப் பொந்துக்குக் கதவு போன கதை

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் பேசிக்கொண்டு, சந்தைக்கும் போய்வந்துகொண்டு இருந்தபோது, இருவாச்சிப் பறவைகளின் மரப்பொந்துக்குக் கதவு இருந்தது. பலகைக் கதவு. அவரவர் கதவை அவரவர்தான் அறுத்து மாட்டவேண்டும்.

ஆனைமலைக் காட்டில் வேலாத்தாள் என்றொரு இருவாச்சி இருந்தாள். போன வருஷம் அவள் பொந்தின் கதவு உளுத்துப்போயிருந்தது. மரநாய் ஒரே தள்ளு தள்ளி உள்ளே வந்து, முட்டை இரண்டையும் குடித்துவிட்டுப் போனது. வேலாத்தாள் அழவில்லை. "இந்த வருஷம் என் குஞ்சு பறக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

புதுக் கதவுக்கு வேங்கைப் பலகை தயாராகக் கிடந்தது. அளவாக அறுக்க ரம்பம்தான் இல்லை. பருவம் முழுக்கச் சேர்த்த அத்திப்பழத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு, புருஷன் பொங்கியானோடு சந்தைக்குப் போனாள்.

முதல் கடை நண்டுடையது. அங்கே தொங்கிய ரம்பம் பார்க்கச் சகிக்காது. கருத்த தகடு, சரியாகச் சீவாத புளியங்கட்டைப் பிடி. பல் ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏப்பா, பல்லெல்லாம் கோணிக்கிட்டு நிக்குது?" என்றான் பொங்கியான்.

"பொண்ணு பாக்கவா வந்த? இந்தா கட்டை, அறுத்துப் பாரு. நாலு பழம் குடுத்தாப் போதும்."

"நாலு பழத்துக்கு வர்றது என்னத்த அறுக்கும்?"

வேலாத்தாள் கட்டையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் பொங்கியான் எதிர்க்கடைக்குப் போய்விட்டான். ஆள் நல்லவன்தான். பளபளப்பைக் கண்டால் மட்டும் புத்தி வேலை செய்யாது.

எதிர்க்கடை மயிலுடையது. ரம்பம் பட்டுத்துணியில் படுத்திருந்தது. தகட்டில் முகம் பார்க்கலாம். ஈட்டிமரப் பிடியில் தாமரை செதுக்கியிருந்தது. பல்லெல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன.

"கூடை முழுசும் ஆகுமுங்க" என்றது மயில்.

"அறுத்துப் பாக்கலாமுங்களா?" வேலாத்தாள் கேட்டாள்.

மயில் பதறிவிட்டது. "அம்மணி! இதுல போய்க் கட்டையை அறுக்கறதா? கீறல் விழுந்துருமுங்க!"

"ரம்பத்துல கட்டையை அறுக்காம தயிரையா அறுப்பாங்க?"

"மானத்தை வாங்காத புள்ள" என்று பொங்கியான் முணுமுணுத்தான். "ஒரு கூடை கேக்கறான்னா சும்மாவா கேப்பான்?" சொல்லிக்கொண்டே கூடையை மயிலின் முன்னால் கவிழ்த்துவிட்டான். அந்தச் சந்தையில் கவிழ்த்த கூடையைத் திருப்பி அள்ளக்கூடாது.

மத்தியானம் மரத்தடியில் வேலை தொடங்கியது. முதல் இரண்டு இழுப்பும் வெண்ணெய் மாதிரி போனது. பொங்கியான் பெருமையாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். மூன்றாவது இழுப்பில் ரம்பம் நின்றது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை. பல் நேராக நின்றதால் அறுத்த வழி தகட்டின் கனமே இருந்தது. பலகை அதை அப்படியே கவ்விக்கொண்டது. பல் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் வழி அகலமாக விழுந்திருக்கும். கோணல் பல் எதற்கென்று பொங்கியானுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்திரத்தில் ஓங்கி இழுத்தான். தாமரைப் பிடி கையோடு வந்துவிட்டது. தகடு பலகையிலேயே நின்றது.

"நாளைக்கு நண்டுகிட்டப் போயி..."

"எதைக் குடுத்து வாங்குவீங்க?" என்றாள் வேலாத்தாள். "நாளைக்கு வரைக்கும் முட்டை நிக்காதுங்க. இப்பவே வருது."

கீழே புதரிலிருந்து மரநாய் தலையை நீட்டியது. "என்னுங்க அம்மணி, இன்னும் கதவு மாட்டலீங்களா? அவசரமில்ல. பொழுது எறங்கினதும் வர்றேன்."

வேலாத்தாள் நேராகப் பொந்துக்குள் போய் உட்கார்ந்தாள். "ஓடையில இருந்து மண்ணு கொண்டாங்க."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காமக் கொண்டாங்க!"

அவன் மண்ணைக் கொண்டுவரக் கொண்டுவர, அவள் அதைப் பொந்தில் கிடந்த பழைய பழச்சக்கையோடு குழைத்து, அலகைப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்தாள்.

"புள்ள, நீ உள்ளயே மாட்டிக்குவ!"

"மாட்டிக்கறேன். முட்டை வெளிய போகக்கூடாது. குஞ்சு தேறுற வரைக்கும் சோறு உங்க பொறுப்பு. கூடையைக் கவுத்தது நீங்கதான?"

கடைசியில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. உள்ளே திரும்பக்கூட இடமில்லை. நீண்ட வால் சுவரில் இடித்தது. வேலாத்தாள் வால் இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"ஐயோ, அந்த வாலு எவ்வளவு அழகு!" பொங்கியான் வெளியே நின்று புலம்பினான்.

"அழகு பாத்தது போதுமுங்க" என்று சொல்லி, முட்டைக்கு மெத்தையாக இறகைப் பரப்பினாள்.

பொழுது இறங்கும்போது மரநாய் வந்தது. பூசிய மண் இன்னும் ஈரம்தானே என்று கீறலில் மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து விழுந்தது ஒரே கொத்து. ஊளையிட்டுக்கொண்டு மரத்திலிருந்து உருண்டு விழுந்து ஓடியது. அடுத்த வெயிலில் சுவர் கல்லாக இறுகிவிட்டது.

அந்த வருஷம் அக்கம்பக்கத்துக் கதவுகளையெல்லாம் மரநாய் தள்ளித் திறந்தது. வேலாத்தாளின் சுவரிடம் மட்டும் அது போகவில்லை. மூன்று மாதம் கழித்து அவளே அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நாளில் அவள் குஞ்சு பறந்தது. காடே பார்த்தது. அடுத்த பருவத்தில் ஒருத்தரும் பலகை தேடிப் போகவில்லை.

அன்று முதல்தான் இருவாச்சிப் பெண் முட்டையிடும் பருவத்தில் தன்னைத்தானே மண் பூசி அடைத்துக்கொள்கிறாள். ஆண் எத்தனை மலை தாண்டியாவது பழம் பொறுக்கி வந்து, வாயைத் திறக்காமல் அந்தக் கீறல் வழியே ஊட்டிக்கொண்டிருக்கிறான்.