வாத்தின் சேவல்

அநியாயம் நடந்தது ஒரு வாத்துக்கு.

அதற்குக் கண் தெரியாது. அது கண்ணாக வைத்திருந்த சேவலை, வாத்தையும் கேட்காமல், சேவலையும் கேட்காமல், முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டான் செங்கோடன்.

ஏரிக்கரை மடத்தில் கோழி, வாத்துகளைப் பார்த்துக்கொள்ளும் சீடன் அவன். நாற்பத்தைந்து வயது. விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, தன் உயிருக்கு ஈடாக அந்தச் சேவலைத் தருவதாக வேண்டிக்கொண்டான். காய்ச்சல் இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை.

ஏன் அந்தச் சேவல்? இருந்ததில் கொழுத்தது அதுதான். வேறு காரணம் கிடையாது.

சேவலோ விடிந்ததும் வாத்தின் கூண்டருகே போய் நிற்கும். கொக்கரித்தபடி முன்னால் நடக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாத்து பின்னாலேயே ஏரி வரைக்கும் போகும். அது நீந்தி முடிக்கும்வரை சேவல் கரையிலேயே நின்று குரல் கொடுக்கும்.

யாரும் பழக்கியதில்லை.

செங்கோடன் நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டான். இருமினால் பயந்தான். கால் மரத்துப்போனால் பயந்தான். சாமி வாசலில் வந்து நிற்கிறது என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தான்.

கடைசியில் மடத்தின் குருவிடம் போனான். மங்கையம்மை, இவனைவிடப் பத்து வயது சிறியவர். அவர் இவனை அண்ணா என்பார். இவன் அவரை அம்மா என்பான்.

"சேவலைக் கொடுக்கலேன்னா சாமி என்னை எடுத்துக்குமா அம்மா?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கொடுத்தா அந்த வாத்து செத்துப்போயிருமே. நான் என்ன பண்ண?"

அதற்கும் பதில் இல்லை.

பதில் இல்லாததையே அனுமதி என்று எடுத்துக்கொண்டான். பயந்தவர்களுக்கு அது ஒரு வசதி.

மறுநாள் காலை, சேவலின் காலைக் கட்டி முனியப்பன் முன்னால் நிறுத்தினான். அது கத்திய கத்தலில் வாத்து தடுமாறித் தடுமாறி வந்து அதை ஒட்டி நின்றது. அம்மையும் வந்து நின்றார்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் சேவல் உடம்பை உதறினால், உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். உதறாமல் வெட்டக் கூடாது. அது அங்கே வழக்கம்.

ஊற்றினான். சேவல் அசையவில்லை. பக்கத்தில் நின்ற வாத்து சிலிர்த்து உதறியது.

"அது கணக்கில் வராதுங்க" என்றான் அவசரமாக.

மறுபடி ஊற்றினான். சேவல் கல்லாக நின்றது. செங்கோடன் சாமியை நிமிர்ந்து பார்த்தான். சேவலை வேண்டாம் என்கிற சாமி, வேறு யாரைக் கேட்கிறது?

மூன்றாம் தடவை குடத்தையே கவிழ்த்துவிட்டான். அவ்வளவு தண்ணீரில் எதுதான் உதறாது? சேவலும் உதறியது.

"உத்தரவு கிடைச்சிருச்சு அம்மா. அதுவே சம்மதிச்சிருச்சு. நீங்களும் பார்த்தீங்கதானே?"

அம்மை கையை நீட்டினார். தொட்டு ஆசீர்வதித்துத் தருவார் என்று நினைத்து, அரிவாளைக் கொடுத்தான்.

அவர் அதை வலக்கையில் பிடித்துக்கொண்டார். மிச்சமிருந்த இன்னொரு குடத்தை இடக்கையால் தூக்கி, அவன் தலையில் கொட்டினார்.

மார்கழித் தண்ணீர். செங்கோடன் உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறினான்.

"குனியுங்க அண்ணா" என்றார் அம்மை.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் விளையாட்டு இல்லை. அரிவாளைப் பார்த்தான். பல் தந்தியடித்தது.

"குளிருக்கு நடுங்கினேன் அம்மா. அதைச் சம்மதம்னு யார் சொன்னது?"

"அரிவாள் யார் கையில இருக்கோ, அவங்கதான் அண்ணா."