யானைப் பக்கம் அவர்களுக்கு, ராஜா பக்கம் நமக்கு

ஏழு குட்டி நாடுகள் கூடி ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. ஆறு நாடுகளில் புத்தியுள்ளவர்கள் இருந்தார்கள். ஏழாவது மொந்தைநாடு.

ஏழுக்கும் பொது நாணயம் என்று முடிவானது. ஒரு பக்கம் கூட்டமைப்பின் யானை. மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குப் பிடித்த படம். மொந்தைநாட்டார் தங்கள் ராஜா வீரகுண்டரின் முகத்தைப் போட்டுக்கொண்டார்கள். பாதி இடத்தை மூக்கே அடைத்துக்கொண்டது.

நாணய மூட்டை வந்த அன்றே உப்புப் படகும் வந்தது. நாட்டில் ஒரு கல் உப்பு கிடையாது. கருவாடு போடும் முனியாயி பத்துக் கூடை சாளை மீனோடு கரையில் காத்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் உப்பு கிடைக்காவிட்டால் அவள் போட்ட முதல் அத்தனையும் நாறிப்போகும்.

மந்திரி வேலாண்டி ஒரு நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா, உப்புக்காரன் கையில இதக் குடுத்தா உங்க முகமும் சேந்து போயிடுமே."

"அப்புறம் முகத்துக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார் ராஜா.

"யானைப் பக்கம் அவங்களுது, முகப் பக்கம் நம்முளுது. அவங்களுத மட்டும் குடுத்துடலாம்."

சபை முழுக்கத் தலையாட்டியது. தலையை வேறு எதற்கும் அவர்கள் பயன்படுத்தியதில்லை.

ஆசாரிகள் உட்கார்ந்து ஒவ்வொரு நாணயத்தையும் பருப்பை உடைப்பதுபோல் இரண்டு தகடாகப் பிளந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

உப்பு வியாபாரி சேகு மரைக்காயர் யானைத் தகட்டை வாங்கிப் பார்த்தார். "மறுபக்கம் எங்க?"

"அது எங்க ராஜா. விக்கிறதுக்கில்ல," என்றார் மந்திரி.

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தாங்க காசு."

வேலாண்டி இரண்டு யானைத் தகடுகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்து நீட்டினார். மரைக்காயர் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்.

"பாவிகளா, அந்த மூஞ்சியத் தூக்கிக் குடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு? என் மீனு நாறுதே," என்று முனியாயி வயிறெரிந்து கத்தினாள்.

சபை மறுபடி கூடியது, மூக்கைப் பிடித்துக்கொண்டு. நெடுநேரம் கழித்து ராஜா கேட்டார்: "மீனுக்கும் ரெண்டு பக்கம் உண்டா?"

"உண்டு மகாராஜா."

"அப்ப நாறுற பக்கம் கூட்டமைப்போடது. அத அறுத்து அனுப்பிவிடுங்க."

பாதி மீன் கூட்டமைப்புக்கு வண்டியேறியது. மீதியை அரண்மனையில் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். உப்பு இல்லை என்பதைத் தவிர அதில் வேறு குறை எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.