மந்திரியார் நடந்த நடை

மருதங்கோட்டை ராஜா சேதுராயருக்குச் சதுரங்கம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எதிரே ஆடத்தான் ஆள் கிடைக்காது. தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ராஜாவோடு யார் ஆடுவார்கள்? அந்த நேரம் பார்த்துக் குதிரை விற்க வந்தான் ராடு. ருமேனியாக்காரன், அரைகுறைத் தமிழ், வெள்ளை மனசு. வசமாக மாட்டினான்.

ஆட்டத்தின் நடுவே ராடு, ராஜாக் காய்க்குப் பக்கத்தில் நிற்கும் காயைத் தொட்டு, "எங்க ஊர்ல இதுக்கு 'நெபூன்'னு பேரு" என்றான்.

"இங்கே அது மந்திரிக் காய். 'நெபூன்'னா என்ன?" என்றார் ராஜா.

"பைத்தியக்காரன்."

அருகில் நின்ற மந்திரி திருவேங்கடப்பருக்கு ரத்தம் தலைக்கேறியது. "மந்திரிக் காய் என்றால் நான்தான். என்னையா பைத்தியம் என்கிறான்? இவன் நாக்கை அறுக்க வேண்டும்."

"திட்டு இல்லை சாமி" என்று ராடு கையெடுத்துக் கும்பிட்டான். "நல்ல சாப்பாடு கிடைச்சாக்கூட நாங்க 'நெபுனியே'ன்னுதான் சொல்வோம். பைத்தியம் பிடிக்கிற ருசின்னு அர்த்தம்."

"முதலில் அறுப்போம். அர்த்தத்தைப் பிறகு பார்ப்போம்" என்றார் மந்திரி. ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்த ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சபையில் மாசிலாமணி என்றொரு வாயாடி இருந்தார். "ராஜா, ஒரு சின்னச் சோதனை. மந்திரியார்தான் அந்தக் காய் என்றால், அது போகிற மாதிரியே வாசல் வரை நடந்து காட்டட்டும். பைத்தியமா இல்லையா என்று விவரம் தெரியாத ஒருத்தர் வந்து சொல்லட்டும். பைத்தியம் என்றால் ராடுவை விட்டுவிடுங்கள். இல்லை என்றால் என் நாக்கையும் சேர்த்து அறுங்கள்."

"எனக்கென்ன பயம்?" என்று மந்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். மாசிலாமணி ஒரு சேவகனை வெளியே அனுப்பினார்.

தர்பார் தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய்க் கல். மந்திரிக் காயோ மூலைவாட்டில்தான் போகும், ஒரே நிறத்தில்தான் மிதிக்கும். மந்திரியார் வெள்ளைக் கல்லிலிருந்து வெள்ளைக் கல்லுக்குக் கோணலாகத் தாவினார். தொந்தி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். தூணில் முட்டினார். எதிர்மூலைக்குத் திரும்பினார். கறுப்பில் கால் பட்டபோதெல்லாம் "தப்பு, தப்பு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து மறுபடி தாவினார்.

வாசலை நெருங்கும்போது அரண்மனை வைத்தியர் குமரேசர் உள்ளே வந்தார். வைத்தியர் மந்திரியை மேலும் கீழும் பார்த்தார். மெல்லக் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு ராஜா பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ராடுவின் நாக்கு தப்பியது, குதிரைகள் சொன்ன விலைக்கே போயின. மாசிலாமணிக்குத் தங்கச் சங்கிலி கிடைத்தது.

மந்திரியாருக்கு? தலையில் தேய்த்துக் குளிக்க ஒரு கூடை எலுமிச்சம்பழம்.