சாய்த்து வைத்த பிரிட்ஜ்

ஜெபரத்தினம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரூபி பெரம்பூரில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷமாக ரூபிக்குக் காது மங்கி வந்தது. கனத்த, தாழ்ந்த ஒலிகள் மட்டும்தான் தெளிவாகக் கேட்டன. ஒரு ஞாயிறன்று சுருதி விலகிப் பாடிவிட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததை அவர் கேட்கவில்லை, பார்த்தார். அதோடு குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் பக்கத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் பாடிவிடுவாள் என்று ஜெபரத்தினத்துக்குத் தோன்றியது. வாசிக்கக் கற்றுக்கொள்ள ஷீபாவிடம் சேர்ந்தார். ஷீபாவுக்கு முப்பத்திரண்டு வயது. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் கிட்டார் பழுது பார்ப்பார், சொல்லியும் கொடுப்பார். வாத்தியத்தை மட்டும் நானே செய்வேன் என்றார் ஜெபரத்தினம். எட்டு மாதம் ஆயிற்று.

தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

“டீச்சர், இது பொய் சொல்லுது.”

“என்ன பொய்?”

“சும்மா மீட்டினா சரியா இருக்கு. நடுவுல அழுத்தி மீட்டினா ஏறிப் போகுது.”

ஷீபா வாங்கி மீட்டிப் பார்த்தார். “ஆமா. அளந்தீங்களா?”

அவர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டிலிருந்து, கழுத்தின் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது உலோகப் பட்டையான ஃபிரெட் வரை பதினேழு அங்குலம். அங்கிருந்து, கம்பிகள் ஏறி உட்காரும் பித்தளைப் பிரிட்ஜ் வரை பதினேழு அங்குலம். மூலைமட்டம் வைத்துக் காட்டினார். பிரிட்ஜ் நேராக இருந்தது.

“சரியாத்தான் வச்சிருக்கீங்க,” என்றார் ஷீபா.

“அப்போ தப்பு எங்கே?”

“தப்பு இல்லை.”

ஜெபரத்தினம் ஸ்கேலைத் திருப்பி, மறுபக்கத்தால் இன்னொரு முறை அளந்தார். அதே பதினேழு.

ஷீபா கம்பிகளைத் தளர்த்தினார். பிரிட்ஜின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். கம்பி நீண்டு ஒலி இறங்கும்படி, மெல்லிய கம்பிப் பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். தடித்த கம்பிப் பக்கத்தை இன்னும் அதிகமாகத் தள்ளினார்.

“கோணலா இருக்கு, டீச்சர்.”

“கோணலாத்தான் இருக்கு.” கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து அவரிடம் நீட்டினார். “அழுத்துங்க.”

“நீங்களே அழுத்திப் பாருங்களேன். உங்க காதுக்குத்தான் தெரியும்.”

“என் காது கேட்கட்டும். விரல் உங்களோடதா இருக்கணும்.”

உளி பிடித்த விரல் பலமாக அழுத்தியதில் கம்பி இழுபட்டது. ஒலி இன்னும் ஒரு மயிரிழை ஏறியே நின்றது. ஷீபா மறுபடி தளர்த்தி, தள்ளி, முறுக்கினார். நாலாவது தடவையில் சும்மா மீட்டிய ஒலியும் அழுத்தி மீட்டிய ஒலியும் ஒன்றாகச் சேர்ந்தன. பிரிட்ஜ் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

ஜெபரத்தினம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கதவைக் கூட நான் இப்படி மாட்டினதில்லை.”

“ஓட்டை போடுங்க, அங்கிள்.”

போட்டார். திருகாணிகளை முடுக்கினார்.

பண்டிகை ஞாயிறன்று தேவாலயத்தில் ரூபி அவர் பக்கத்தில் நின்றார். இடது உள்ளங்கையை வாத்தியத்தின் மேல் வைத்துக்கொண்டு பாடினார். முதல் இரண்டு சரணம் நன்றாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை ஜெபரத்தினம் வெறுங்கையோடு படியேறி வந்தார்.

“மூணாவது சரணத்தில் பதற்றத்தில் ரொம்ப அழுத்திட்டேன், டீச்சர். சுருதி ஏறிடுச்சு. அவளும் என்கூடவே ஏறிட்டா.”

“யாராவது சிரிச்சாங்களா?”

“ஆயர் திரும்பிப் பார்த்தார். வேற ஒண்ணும் இல்லை.”

“ஆன்ட்டி என்ன சொன்னாங்க?”

“பாட்டு முழுக்க நீங்க என்கூடவே இருந்தீங்கன்னு சொன்னா. அடுத்த வாரமும் வர்றேன்னா. தப்பா வாசிச்சேன்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.”

ஷீபா ஒரு பழைய கிட்டாரின் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, டீச்சர். நான் அளந்தது சரின்னீங்க. அப்புறம் நீங்களே நகர்த்தினீங்க. அந்தப் பதினேழு அங்குலம் நிஜமா, பொய்யா?”

“நிஜம்தான், அங்கிள்,” என்றார் ஷீபா. “கம்பியை யாரும் தொடாத வரைக்கும்.”