பலகை மேல் வைத்த புள்ளி

குன்றடி மடத்துச் செங்கமலத்தம்மாவைவிட வேலாயுதம் வயதில் மூத்தவர். ஆனாலும் அம்மாதான் அவருக்குக் குரு. வேலாயுதம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அளவு ஒரு இம்மி பிசகினால் சோறு இறங்காது அவருக்கு.

மடத்தைச் செல்போன் மேப்பில் ஏற்றியதும் அவர்தான். சும்மாவா ஏற்றினார்! குளித்து, திருநீறு பூசி, பாறைக்கு மேலே அம்மா உட்காரும் குகைக்கு ஏறிப்போய், அம்மாவின் பலகை மேலேயே புள்ளியை வைத்தார். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார் மனுஷர்.

அன்று விறகு எடுக்கப் போன மூக்காயியைப் பாம்பு கடித்துவிட்டது. மடத்துக்கே சோறு பொங்கிப் போடுகிறவள். அடுக்களைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். கண் சொருக ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெகு நேரமாயிற்று. வந்தபாடில்லை.

வேலாயுதத்தின் போன் அடித்தது.

"சார், வந்துட்டோம். இங்க வெறும் பாறையும் முள்ளுமால்ல கிடக்கு? மடம் எங்க சார்?"

"மேப்பைப் பாருங்க தம்பி!"

"அதுதான் சார் இங்க கூட்டிட்டு வந்துச்சு."

அவருக்குத் தலை கிறுகிறுத்தது. அம்மா போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு மடத்து வாசல் கேட்டுக்கு ஓடினார்.

"தம்பி, குன்றுக்குப் பின்னால நிக்கிறீங்க. நான் நிக்கிற இடத்தை அனுப்புறேன். அதைப் பிடிச்சு வாங்க."

வண்டி குன்றைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. மூக்காயி பிழைத்துக்கொண்டாள் என்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தபோது வேலாயுதம் தேம்பி அழுதுவிட்டார். அழுது முடித்தும் குழப்பம் தீரவில்லை.

"அம்மா, என் அளவுல தப்பு இருக்கா?"

"துளிகூட இல்ல ஐயா."

"அப்புறம் ஏம்மா வண்டி அங்க போச்சு?"

"குகைக்குக் கிட்டத்துல இருக்கிறது பின்பக்கத்து ரோடுதானே?"

"அதுல இருந்து ஏறி வர முடியாதேம்மா!"

"அது மேப்புக்குத் தெரியாது."

அம்மா அவர் போனை வாங்கினார். பலகை மேலிருந்த புள்ளியை விரலால் இழுத்து, கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தார்.

வேலாயுதம் பதறிவிட்டார்.

"ஐயையோ, அது செருப்புக் கழட்டிப் போடுற இடம்மா! நீங்க இருக்கிறது குகையில இல்லையா?"

அம்மா போனை அவர் கையில் கொடுத்தார்.

"நான் இங்கயேதான ஐயா இருக்கேன். எனக்கு எதுக்கு மேப்பு?"