மூன்றாவது ராணி

"இதுக்கும் வித்து தங்கல டீச்சர். நசுக்கிரட்டா?"

கேட்ட பொன்னுலிங்கத்துக்கு வயது நாற்பத்தைந்து. தேனீ ராணிக்கு ஊசியால் ஆண் ஈயின் வித்தை ஏற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள பிலோமி டீச்சரிடம் வந்தவன். டீச்சர் அவனைவிட எட்டு வயது இளையவள்.

வித்து தங்காத ராணி போடும் முட்டை எல்லாம் ஆண் ஈயாகவே பொரியும். ஆண் ஈ ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. பெட்டியே பட்டினியில் அழியும். இந்தக் குற்றத்துக்காக இரண்டு ராணிகளை ஏற்கெனவே நசுக்கிவிட்டான் மகராசன்.

"அப்புறம், நாளைக்கு லீவு வேணும். பொண்டாட்டியை அவ அம்மா வீட்ல கொண்டு விடணும்."

"என்னவாம்?"

"ஏழு வருசமாச்சு. அவளுக்கும் ஒண்ணும் தங்கல. மூத்த தாரத்தையும் இதுக்குத்தான் அனுப்பினோம். எங்கம்மா வேற இடம் பார்த்தாச்சு."

ஓட்டைக் குடத்தை மாற்றுகிற மாதிரிச் சொன்னான், பாவி.

டீச்சர் ராணி இருந்த கூண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஊசி போட்டப்ப இதுக்கு எத்தனை நாள் வயசு?"

"எட்டு."

"மயக்கக் காத்து?"

"அளவாத்தான் குடுத்தேன்."

"ஊசி?"

"கொதிக்க வச்சது."

"ஆண் ஈ?"

"ஆண் ஈயா? அதுல பார்க்க என்ன இருக்கு?"

டீச்சர் அவன் பெட்டியிலிருந்து ஓர் ஆண் ஈயைப் பிடித்தாள். வயிற்றை அமுக்கினாள். வந்த துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"பாருங்க அண்ணாச்சி."

"ஒண்ணும் அசையல."

இன்னொன்று பிடித்தார்கள். அதுவும் அப்படித்தான். பத்து ஈ பார்த்தாயிற்று. பத்திலும் செத்த வித்து.

"செள்ளுப்பூச்சிக்கு மருந்து வச்ச பெட்டி. அந்த மருந்து ஆண் ஈயோட வித்தையும் கொன்னுடும். மூணு தடவையும் இதுலதான் பிடிச்சீங்களா?"

"ஆமா."

ராணிகளை நசுக்கிய விரல்களை வேட்டியில் துடைத்தான். துடைத்தால் போகுமா?

"உங்க மூத்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள் டீச்சர்.

போன மாதம் சந்தையில் அவளைப் பார்த்திருந்தான். பார்த்தும் பார்க்காததுபோல் நடந்திருந்தான்.

"வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா டீச்சர்."

"ம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னான்.

"கையில ஒண்ணு. இடுப்புல ஒண்ணு."