மூன்றாவது புள்ளி

"மறுபடியும் ஒண்ணு போயிடுச்சு மேடம்" என்றார் இசக்கியப்பன்.

"எது?"

"மூணாவது."

ரெஹானா லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஆசிரியை. இசக்கியப்பன் அவரைவிட மிகவும் மூத்த மாணவர். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், நீண்ட விடுப்பில் இந்த மலையடி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். அதனால் ஆசிரியை மாணவரை 'சார்' என்பார்.

ஐந்து தெரியவேண்டிய திரையில் நான்கு நீலப் புள்ளிகள். காற்றில்லாத எஃகுக் கலத்துக்குள் மின்புலம் பிடித்து நிறுத்தியிருக்கும் கால்சியம் அயனிகள். லேசர் பட்டால் ஒளிர்பவை. அவற்றைச் சூழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத மூடுபனியாய் ரூபிடியம் அணுக்கள்.

இரண்டும் விண்வெளியைவிடக் குளிர்ந்தவை. அந்தக் குளிரில் அயனியும் அணுவும் சந்தித்தால் என்ன கொடுத்து என்ன வாங்குகின்றன? அதைப் பார்க்கத்தான் இசக்கியப்பன் வந்திருந்தார்.

"கலைச்சுட்டுப் புதுசா ஏத்திடறேன். அஞ்சும் ஒளிர்ந்தாத்தான் கணக்கு சுத்தமா வரும்."

"எப்பவும் கலைச்சிடுவீங்களா?"

"ஒண்ணு அணைஞ்சாலே கலைச்சிடுவேன்."

ரெஹானா நிமிர்ந்து பார்த்தார். "முகம் ஏன் சார் இப்படி இருக்கு?"

"சண்பகம் சாயங்கால பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். திரும்பி வர்ற மாதிரி சொல்லலை."

சண்பகம் அவருடைய இரண்டாவது மனைவி. ஜெயராணி இறந்த பிறகு வந்தவள்.

"சண்டையா?"

"பேசினாத்தானே மேடம் சண்டை வரும்? மாசாமாசம் ஊருக்குப் போறேன். அல்வா வாங்கிட்டுப் போறேன். பழைய பாட்டுப் போடறேன், கேலி பண்றேன். இதுக்கெல்லாம் ஜெயராணி விழுந்து விழுந்து சிரிப்பா. இவ இருக்காளா இல்லையான்னே தெரியல. போனாப் போகட்டும்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

ரெஹானா லென்ஸைக் கீழே வைத்தார்.

"மூணாவது போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வெளிச்சம் இல்லையே."

"மத்த நாலும் எங்க நிக்குது?"

இசக்கியப்பன் பார்த்தார். இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் இரண்டு. நடுவில் இருட்டு.

"நடுவுல இருந்தது போயிருந்தா?"

"மத்ததெல்லாம் நெருங்கி வந்திருக்கும்."

"வந்திருக்கா?"

வரவில்லை. நான்கும் அசையாமல் பழைய இடத்திலேயே நின்றன. இருட்டில் யாரோ இருந்துகொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளே இருக்கு" என்றார் மெதுவாக.

"யாரு?"

"லேசரை மாத்திப் பாக்கட்டுமா?"

"நம்மகிட்ட இருக்கிற எந்த வெளிச்சத்துக்கும் அது பதில் சொல்லாது."

"அப்போ யார்கிட்ட கேக்கறது?"

ரெஹானா ஒரு குமிழைத் திருப்பினார். மெல்லிய மின்னழுத்தம் வரிசையைத் தாலாட்டத் தொடங்கியது. ஐந்தும் கால்சியமாக இருந்தால் ஆடவேண்டிய வேகம் வந்தது. புள்ளிகள் ஆடவில்லை. ரெஹானா தாலாட்டும் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

நான்கும் ஒன்றாக ஆடின.

"மெதுவாத்தான் ஆடுது" என்றார் இசக்கியப்பன். "நடுவுல கனமானது உட்கார்ந்திருக்கு." கணக்குப் போட்டார். சரிபார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரூபிடியம்."

பக்கத்தில் வந்த ரூபிடியம் அணு ஒன்று தன் எலக்ட்ரானைக் கால்சியத்துக்குக் கொடுத்திருக்கிறது. வாங்கிக்கொண்ட கால்சியத்துக்கு மின்னூட்டம் தீர்ந்துபோயிற்று. மின்புலத்தால் இனி அதைப் பிடித்துவைக்க முடியாது. அது போய்விட்டது. கொடுத்தது அந்த இடத்தில் நின்றுவிட்டது, ஒளி இல்லாமல்.

"இதைப் பாக்கத்தானே மேடம் நான் வந்தேன்?"

"ஆமா சார்."

"இத்தனை நாளா நானே கலைச்சிட்டு இருந்திருக்கேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கலைக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குத்தான் கூப்பிட்டீங்க. டீக்குச் சர்க்கரை உண்டா?"

பதிலுக்குக் காத்திராமல் ரெஹானா வெளியே போனார்.

இசக்கியப்பன் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிர்ந்த நான்கையும் விட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். கலைக்கும் பொத்தானிலிருந்து கை தானாக விலகியது.

பிறகு செல்போனை எடுத்தார். சண்பகத்தின் பெயர்மேல் போன விரல் நின்றது. கண் மங்கிப்போய் வீட்டோடு இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டார்.

"அப்பா, சண்பகம் எப்படி இருக்கா?"



"இத எங்கிட்ட கேக்க ஒனக்கு இவ்வளவு காலமாச்சாக்கும்."

"சொல்லுங்கப்பா."

"என்னத்தச் சொல்ல? பெட்டி கட்டிட்டா. நாளைலேருந்து எனக்குப் பேப்பர் வாசிக்க ஆளில்ல."

"பேப்பரா?"

"தெனமும் தலைப்புலேருந்து வரி விளம்பரம் வரைக்கும் வாசிப்பா. நடுவுல மந்திரிமாரப் பத்தி ஒண்ணு சொல்லுவா பாரு, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமல் வந்துரும்."

"சண்பகமா? பேசுவாளா?"

"பேசாம எப்படிடே பேப்பர் வாசிக்க முடியும்? நீ வந்தா நீதான பேசுத."

இசக்கியப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"போன அவகிட்ட குடுக்கட்டா?"

"வேண்டாம்ப்பா." கொஞ்சம் யோசித்தார். "இன்னைக்குப் பேப்பர் வாசிச்சாச்சா?"

"எங்க? பெட்டி கட்டுத சோலியில கெடக்கா."

"வாசிக்கச் சொல்லுங்க. போனைப் பக்கத்துல வச்சிருங்க. நானும் கேக்கேன்னு அவகிட்ட சொல்லிருங்க."

அப்பா உரக்கச் சொன்னது கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. 'ஹலோ' என்று சொல்ல வாயெடுத்த இசக்கியப்பன் வாயை மூடிக்கொண்டார்.

ரெஹானா கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

எங்கோ ஒரு பெட்டியைத் தரையில் இறக்கிவைக்கும் சத்தம். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

பிறகு, காகிதம் விரிந்தது.